பட்டமரத்தின் நிறம்

"மரம் இன்னும் உயிரோட இருக்குப்பா. அதைச் சாகடிக்கணும்," என்றார் நோலீன், தொலைபேசியில்.

ஃபெர்கஸ் கண்ணை மூடித் திறந்தான். மூன்று வாரத்தில் இது பதினோராவது திருத்தம். சனிக்கிழமை காலை மணி பத்து. பன்னிரண்டுக்குள் மைத்துனி வீட்டு விருந்துக்குப் போயாக வேண்டும்.

வாரநாட்களில் அவன் வாகா வாகா என்ற ஊரில் ஒரு செடி நர்சரியில் வேலை பார்ப்பவன். கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றில், தங்கள் வட்டாரம் முழுக்க ஐரோப்பிய ஊசியிலை மரங்களை நட்டு வைத்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், யூகலிப்டஸ் மரங்களைத் தானே வரைந்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தான். அதோடு போயிற்று நிம்மதி. எங்கள் ஊர் மரம் குட்டையாக இருக்கிறது, எங்கள் ஊரில் இவ்வளவு பச்சை கிடையாது என்று கடிதம் வராத நாளில்லை.

மற்றவர்கள் ஒரு கடிதத்தோடு ஓய்ந்தார்கள். நோலீன் ஓயவில்லை. ஹோல்புரூக் பக்கம் ஒரு பண்ணையின் மேய்ச்சல் மேட்டில், ஒரே ஒரு மரம். அதற்குத்தான் இத்தனை பாடு. இன்றோடு முடித்துவிடலாம் என்று அவனே கூப்பிட்டிருந்தான்.

"இலையெல்லாம் எடுத்தாச்சேம்மா."

"இலை போனா ஆச்சா? பட்டை உரிஞ்சு, வெயில்ல கெடந்து, சாம்பலா வெளுத்துப் போன மரம். நீங்க காப்பிப்பொடி நிறத்துல வச்சிருக்கீங்க."

நிறத்தை மாற்றினான். உயரத்தை இருபத்தொரு மீட்டராக்கினான். வலப்பக்கக் கிளை ஒன்றை முறிக்கச் சொன்னார், முறித்தான். கடைசியில் ஒரு சந்தேகம் வந்து, செயற்கைக்கோள் படத்தில் அந்த மேட்டைத் தேடினான்.

"ஏம்மா, அந்த இடத்துல மரமே இல்லையே."

"இப்ப இல்ல. நாலு வருஷத்துக்கு முன்னாடி இருந்துச்சு. அப்புறம் ஒடஞ்சு போச்சு."

ஒடிந்து போன மரத்துக்கா மூன்று வாரம்? ஃபெர்கஸ் செயற்கைக்கோள் படத்தை மூடினான்.

மனைவி ட்ரூடி உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தை மூடியபடியே எட்டிப் பார்த்தாள். "மரக்காரம்மாவா? வேணும்னா நீ அவங்க வீட்டுலயே போய் இருந்துடேன். அவங்களுக்காவது ஒரு புருஷன் கெடைச்ச மாதிரி இருக்கும்."

அவன் வாயில் விரலை வைத்து, பேசாதே என்று சைகை காட்டினான். மறுமுனையில் அது கேட்டிருக்குமோ என்னவோ.

"இப்ப ஏத்திட்டேன். உங்க கணினில வந்திருக்கும், பாருங்க," என்றான்.

"வந்துருச்சு. இருங்க, ஓட்டிப் பாத்துடறேன். போனை வச்சிடாதீங்க. ஆறு மாசமாத்தான் ஓட்டக் கத்துக்கிட்டிருக்கேன், மெதுவாத்தான் வரும்."

"எந்த நேரம் வச்சிருக்கீங்க? மத்தியானமா வச்சா நல்லாத் தெரியும்."

"இல்லப்பா. ஏப்ரல் ஒம்போது. சாயங்காலம் அஞ்சு இருபது. மேற்கே பாத்து."

இந்த அம்மாவிடம் காரணம் கேட்பதில் பயனில்லை என்று ஃபெர்கஸ் எப்போதோ முடிவு செய்திருந்தான். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு ஆறிப்போன தேநீரைக் குடித்தான். மறுமுனையில் இயந்திரம் உறுமும் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாகக் கேட்டது. ட்ரூடி கார்ச்சாவியை ஆட்டிக் காட்டினாள்.

திடீரென்று தடாரென்று ஒரு சத்தம். அதன்பின் எதுவும் இல்லை.

"நோலீன்ம்மா? என்ன ஆச்சு?"

"மோதிட்டேன்." அவர் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. "இரு, இன்னொரு வாட்டி."

மீண்டும் உறுமல். மீண்டும் அதே சத்தம். மூன்றாவது முறையும் அப்படியே.

"மரம் கண்ணுக்கே தெரியலப்பா," என்றார் நோலீன். "அது அங்கதான் நிக்குதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், கிட்டப் போற வரைக்கும் காணோம்."

ஃபெர்கஸ் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். பன்னிரண்டாவது திருத்தம்.

"நேரா வெயில் கண்ணுல அடிக்குது. பின்னால காய்ஞ்ச புல்லு, மரமும் அதே வெளுப்பு. அதான் கரைஞ்சு போகுது. நிறத்தைக் கொஞ்சம் அழுத்தமாக்கிட்டாப் போதும். இப்பவே சரி பண்ணித் தரேன்ம்மா."

"வேண்டாம்."

"ஒரு நிமிஷ வேலைதான்."

"தொடாதீங்கப்பா அதை." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "என் வீட்டுக்காரர் டெஸ்மண்ட், வயலுக்கு உரம் தூவுற விமானம் ஓட்டினவர். அந்த ஏப்ரல் ஒம்போது சாயங்காலம், அந்த மரத்துல மோதித்தான் போயிட்டார். முப்பது வருஷம் பறந்த மனுஷனுக்கு ஒரு மரம் தெரியாமப் போகுமா, வேணும்னுதான் போய் மோதியிருக்கான்னு ஊரே சொல்லுச்சு. அன்னைக்குக் காலைல நான் அவரை ரொம்பப் பேசிட்டேன். அதனால நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன், நாலு வருஷமா."

ஃபெர்கஸின் கை விசைப்பலகையிலிருந்து தானாக விலகியது. வாசலில் ட்ரூடி சாவியை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"அவருக்கும் தெரியலப்பா."