இதழுக்கு ஏற்றதல்ல

“அப்பா, அது திருட்டுக் கடைப்பா. சொன்னா கேளுங்க.”

போன் திரையில் மகளின் முகம் சிவந்திருந்தது. கடல் தாண்டி ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவள் அவள்.

“இணையத்துல வர்ற இதழ்னா உடனே திருடனாம்மா? இப்ப எல்லா ஆய்விதழும் அங்கதானே வருது?”

“அதெல்லாம் வேற, இது வேற. பெருசா ஒரு பேர், ஒரு வெப்சைட், அவ்வளவுதான் இவங்க. எதை அனுப்பினாலும் படிக்காமலே போட்டுட்டுக் காசு கேப்பாங்க. சலவைக் கணக்கை அனுப்பினாக்கூடப் போடுவாங்க. அதுல ஒரு தடவை வந்துட்டா, அப்புறம் நல்ல இதழ் எதுவும் அந்தக் கட்டுரையைத் தொடாது. தெரிஞ்சுக்குங்க.”

“சரிம்மா.”

அவர் ‘சரி’ என்றால் பேச்சை மாற்று என்று அர்த்தம்.

கல்லூரியில் அவருக்கு நத்தை வாத்தியார் என்று பெயர். ஆயுள் முழுக்க நத்தைகளையே ஆராய்ந்தவர். நடையும் கொஞ்சம் அப்படித்தான். ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, மூன்றாவது மாடி வீட்டில் தனியாக இருந்தார். சில நாள் சாயங்காலம் வாயைத் திறந்தால் குரலே சரியாக வராது. காலையிலிருந்து யாரிடமும் பேசியிருக்க மாட்டார்.

மெயிலைத் திறந்தால் மின்கட்டணமும் மருந்துக்கடைத் தள்ளுபடியும்தான். அதற்கு நடுவே ஒருநாள் அந்த இதழிலிருந்து வந்தது: ‘தங்களின் சீரிய ஆய்வுகளைக் கண்டு வியந்தோம். ஒரு கட்டுரை தந்து எங்களைக் கௌரவிக்க வேண்டும்.’ அடியில் ‘துணை ஆசிரியர்’ என்று மட்டும் இருந்தது.

அவரைப் பார்த்து யாரும் வியந்து பல வருஷம் ஆகியிருந்தது. ‘நீங்கள் ஆளா, இயந்திரமா?’ என்று கேட்டு எழுதினார்.

‘மனுஷிதான் சார். இதுவரை யாரும் கேட்டதில்லை’ என்று பதில் வந்தது.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது. கட்டடத்தின் பின்சுவரில் அன்றைக்குப் பார்த்த நத்தையைப் பற்றி எழுதுவார். ‘நத்தைக்குக் காது கேட்குமா சார்?’ என்று அவள் ஒரு வரி கேட்பாள். இவர் ஒரு பக்கம் பதில் எழுதுவார். காலையில் காபி கலந்ததும் நேரே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருவது வழக்கமாகிவிட்டது.

இரை தேடிப் போன நத்தை தன் இடத்துக்கு எப்படித் திரும்பி வருகிறது என்று ஒரு கட்டுரை. மனைவி இருந்தபோது ஆரம்பித்தது. பாதியில் கிடந்ததை எடுத்து எழுதி முடித்தார். மகளுக்குத் தெரியாமல் துணை ஆசிரியருக்கே அனுப்பி வைத்தார்.

அடுத்த வாரம் பதில் வந்தது.

‘தங்கள் கட்டுரை எங்கள் இதழுக்கு ஏற்றதல்ல. திருத்தி அனுப்பவும் வேண்டாம். இனி எங்களுக்கு எழுதாதீர்கள்.’

ஒரு ‘சார்’ கூட இல்லை. என்ன குறை என்று கேட்டு எழுதினார். பதில் இல்லை. உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டார். அதற்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள்.

“அந்தக் கடைக்கு எதுவும் அனுப்பிடலையே?”

“இல்லம்மா.”

சலவைக் கணக்கையும் போடுகிறவர்கள் தன் கட்டுரையை வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று பெற்ற மகளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

கொஞ்ச நாள் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. பின்சுவர்ப் பக்கமும் போகவில்லை. காபி மட்டும் பழக்கதோஷத்தில் கலந்து, ஆறவிட்டுக் கீழே கொட்டினார்.

அப்புறம் ரோஷம் வந்தது. அந்தத் துறையிலேயே பேர் பெற்ற இதழுக்குக் கட்டுரையை அனுப்பினார். இரண்டு நிபுணர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டு வறுத்தெடுத்தார்கள். விடாமல் பதில் சொன்னார். மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் கட்டுரை வெளிவந்தது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் சும்மா படிக்கலாம்.

“அப்பா, எங்க டிபார்ட்மென்ட் பூரா அனுப்பிட்டேன்” என்றாள் மகள்.

அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் காட்ட வேண்டிய ஆள் இன்னும் பார்க்கவில்லையே. ‘ஏற்றதல்ல என்றீர்களே, இப்போது பாருங்கள்’ என்று எழுதித் துணை ஆசிரியருக்கு அனுப்பினார். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

விடுவதாக இல்லை. வெப்சைட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். ஓர் ஆண் குரல் எடுத்தது.

“உங்க துணை ஆசிரியர்கிட்ட பேசணுங்க.”

“அந்தப் பொண்ணு இப்ப இங்க இல்லைங்க.”

“எங்க இருக்காங்கன்னு தெரியுமா?”

“தெரியாதுங்க. நீங்க எது விஷயமா?”

“என் கட்டுரை தரமில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதைப் பத்திக் கொஞ்சம் கேக்கணும்.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

“நீங்களுமா சார்? நாங்க யாரோட கட்டுரையையும் திருப்பறதே கிடையாது. அந்தப் பொண்ணுதான் உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் படிச்சிருக்கு. ஒண்ணு நல்லா இருந்துட்டாப் போதும், வேண்டாம்னு எழுதிடும். அதனாலதான் வேலையை விட்டே எடுத்தோம்.”