தோசைச் சத்தம்

பெரம்பூரில் வனஜா குடியிருந்த வீட்டில் எட்டு வருஷமாகக் கேமரா வைத்து ஒரு படம் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. வெட்டும் கிடையாது, இசையும் கிடையாது. ஒரு நகரத்து வீட்டின் அன்றாடம், அவ்வளவுதான். அவள் தோசை வார்க்கும் சத்தத்தில் உலகம் முழுக்க நாற்பது லட்சம் பேர் மனம் ஆறினார்கள். வீடு படக் கம்பெனி கொடுத்தது.

அன்று விடியற்காலையில் அவள் புருஷன் தனசேகரன் தூக்கத்திலேயே போய்விட்டார். ஆறரைக்குக் காதுக்கருவியில் இயக்குநர் பேசினார்.

"அக்கா, அடுப்பப் பத்த வைங்க."

"சாவு வீடு தம்பி. பொணத்த எடுக்கற வரைக்கும் அடுப்பு எரியக் கூடாது."

"பாக்கறவங்களுக்கு இது சாவு வீடு இல்லக்கா. அந்த ரூம் கதவச் சாத்துங்க, சாயங்காலம் எடுத்துக்கலாம். முடியாதுன்னா இப்பவே வீட்டக் காலி பண்ணிட்டு அண்ணனத் தூக்கிட்டுப் போங்க."

கதவைச் சாத்தினாள். அடுப்பு எரிந்தது. கல் சூடேறியது, மாவு சுர்ரென்றது. மூன்றாவது தோசையை அவருக்குப் பிடித்தபடி முறுகலாக எடுத்துத் தட்டில் வைத்தவள், பழக்கத்தில் குரல் கொடுத்துவிட்டாள்.

"என்னங்க, ஆறுது!"

தனசேகரனின் கட்டம்போட்ட சட்டையில் யாரோ ஒருவன் வந்து, கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டான். வனஜா அடுத்த தோசைக்கு மாவை ஊற்றினாள்.

"பிரமாதம்க்கா," என்றது காதுக்குள் குரல். "அண்ணன விட இவரு நிதானமா சாப்பிடுறாரு. எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சிருக்காம்."