சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம்

ஜப்பானின் கடலோர ஊர் ஒன்றில், நகராட்சிக் கட்டடத்தின் மாடி வகுப்பில் ஞாயிற்றுக்கிழமை வெயில் மேசைகள்மேல் சாய்ந்து கிடக்கிறது. சிப்பி உரிக்கும் தொழிற்சாலையிலிருந்து வந்த ஐந்து வியட்நாம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். விரல்களில் இன்னும் கடல் வாடை. அவர்களை வேனில் கொண்டுவந்த மேற்பார்வையாளர் குரிஹாரா, கதவோரத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, டப்பாக் காபியை உறிஞ்சுகிறார். ஜப்பானிய மொழித் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். "நமக்கு இஷ்டமில்லாததை நம்மளச் செய்ய வச்சாங்கன்னு சொல்றோமில்ல, அந்த வினைதான் இன்னிக்கு," என்கிறார் ஆசிரியை மிசாவா. "புத்தகத்த மனப்பாடம் பண்ணாதீங்க. சொந்த வாழ்க்கையிலேர்ந்து எடுத்தா மறக்கவே மறக்காது. துயெத், நீங்க சொல்லுங்க." துயெத் நோட்டில் எழுதியதை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறாள். காபி உறிஞ்சும் சத்தம் நின்றுவிட்டது. "சின்ன வயசுல அம்மா என்னைப் பாகற்காய் சாப்பிட வச்சாங்க." குரிஹாரா சிரிக்கிறார். "அடப்பாவமே, இவ்வளவு கொடுமையா!" பெண்களும் ஒரு நொடி பிந்திச் சிரிக்கிறார்கள். மிசாவா சிவப்புப் பேனாவோடு வந்து குனிகிறார். துயெத் கையை எடுக்க வேண்டியிருக்கிறது. நோட்டில் இருப்பது வேறு வாக்கியம்: 'கம்பெனியில் என்னைப் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வைத்தார்கள்.' பேனா தாளுக்கு மேலே அசையாமல் நிற்கிறது. பிறகு ஓர் எழுத்தைத் திருத்தி, சரி என்று வட்டம் போடுகிறது. "பாகற்காய் வாக்கியத்துல தப்பே இல்ல," என்கிறார் மிசாவா, கதவுவரை கேட்கும்படி. நோட்டை அவரே மூடி வைக்கிறார். மற்ற நால்வரும் ஒவ்வொருவராக எழுந்து, சின்ன வயதில் அம்மா தங்களை என்னென்ன செய்ய வைத்தாள் என்று சொல்கிறார்கள்.