அன்புள்ள அண்ணனுக்கு

'அன்புள்ள அண்ணனுக்கு, தம்பி உடையப்பன் எழுதியது. நலம், நலமறிய ஆவல்.'

எழுதிவிட்டுச் செவந்தி பேனா முனையைக் கடித்தாள். உறவுமுறைக் கடிதத்தில் தொடக்கம் சுலபம், முடிப்பதும் சுலபம். நடுவில்தான் ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

உடையப்பன், அவள் புருஷன், செத்து இரண்டு வருஷமாகிறது. குடித்துவிட்டு வந்து விறகுக்கட்டையை ஓங்கியவனைப் பிடித்துத் தள்ளினாள். அம்மிக்கல்லில் மண்டை மோதி அங்கேயே முடிந்துபோனான். கொல்லையில் புதைத்துவிட்டு, 'திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாரு' என்று சொல்லிவிட்டாள். குளத்தூரில் யாரும் துருவிக் கேட்கவில்லை. அவன் இல்லாதது ஊருக்கும் நிம்மதிதான்.

அந்தமானில் கடை வைத்திருக்கும் அவன் அண்ணன் பிச்சைமுத்துவை மட்டும்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. 'காது மந்தமாகிவிட்டது, போன் வேண்டாம், கடுதாசி போடு' என்று எப்போதோ எழுதியிருந்தார். பதில் நின்றால் கப்பலேறி வந்து நிற்பார். புருஷனின் கோணல் எழுத்தைப் பழகிக்கொண்டு மாதாமாதம் எழுதினாள். மழையை எழுதினாள். கடலை பறித்ததை எழுதினாள். பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டி நாலு வரி. திட்டு இல்லாவிட்டால் உடையப்பன் என்று யார் நம்புவார்?

அண்ணனின் பதில்கள்தான் அவளை உருக்கின. 'தம்பி, செவந்தி மேல் கை நீட்டாதே. அவள் வேளைக்குச் சாப்பிடுகிறாளா?' ஒரே வயிற்றில் இப்படி இரண்டு பிறவியா! 'இனி அடிக்க மாட்டேன் அண்ணே' என்று பதில் எழுதிய அன்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் சுடர்விழி இறங்கினார்.

"உடையப்பன் வீடுதானே?"

பாதிக் கடுதாசியைச் செவந்தி முந்தானைக்குள் சுருட்டினாள். "ஆமாங்க."

"ஒக்காருங்கம்மா. அந்தமான் போலீஸ்லேருந்து தகவல். ஒங்க வீட்டுக்காரரோட அண்ணன் பிச்சைமுத்து செத்து நாலு வருசமாச்சு. பொஞ்சாதியே அடிச்சுக் கொன்னு, கடைக்குப் பின்னாடி பொதைச்சுருக்கு. இப்பத்தான் எலும்பு கெடைச்சுச்சு."

"நாலு வருசமா? போன மாசம்கூட லெட்டர் வந்துச்சேங்க!"

"தம்பி தேடி வந்துறக் கூடாதுன்னு, அந்தம்மாதான் அவரு மாதிரியே எழுதிக்கிட்டு இருந்துருக்கு. எப்புடிப்பட்ட பொம்பளை பாருங்க!"

செவந்தி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சுடர்விழி அவள் தோளை ஆதரவாகத் தொட்டார்.

"மனசத் தேத்திக்கங்க. எலும்பு அவருதான்னு உறுதி பண்ண, கூடப் பொறந்தவரோட ரத்தம் வேணும். ஒங்க வீட்டுக்காரரு போட்ட லெட்டரெல்லாம் அங்கிட்டுக் கட்டுக் கட்டா இருக்கு. ஊரை விட்டு எங்கிட்டும் போறதில்லைன்னு அவரே எழுதியிருக்காரு."

சுடர்விழி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அவரக் கொஞ்சம் கூப்பிடுங்க."