பின் கதவு

மூன்று ஷோரூம் ஏறி இறங்கிய பிறகுதான் மூக்குக்கண்ணாடி போட்ட அந்த மனிதர் தேடிய மின்சாரக் கார் கிடைத்தது. அதில் ஏற்கெனவே ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்திருந்தது.

"குளுகுளுன்னு பண்ணு!" என்று குழந்தை சொன்னதும் ஏசி ஓடியது.

"இதையே எடுத்துக்கறோம்" என்றார் அப்பா, வாயெல்லாம் பல்லாக.

கண்ணாடிக்காரர் பின் கதவைச் சாத்திப் பார்த்தார். மூன்றாம் முறை ஓங்கி அடித்த பிறகே அது பிடித்தது. அப்பாவிடம் திரும்பினார்.

"வேண்டாம் சார். குழந்தை இங்கதானே உட்காரும்?"

விற்பனையாளர் சீறினார். "தானாவே பார்க் பண்ற வண்டி இது! அதை விட்டுட்டு கதவுல நொட்டை சொல்றீங்களே, போட்டிக் கம்பெனி ஆளா நீங்க?"

"இல்ல தம்பி, உங்க ஃபேக்டரிதான்." கதவோரம் ஒட்டியிருந்த சோதனைச் சீட்டை அவர் தொட்டுக் காட்டினார். "வீட்டுக்குப் போற அவசரத்துல, இந்தக் கதவைச் சாத்திப் பார்க்காமலே கையெழுத்துப் போட்ட பாவி நான்தான்."