பிலிமைப் பிடித்த விரல்

எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளியின் வாய்க்குள் பிலிமைத் தன் விரலாலேயே பிடித்துக்கொள்வது திண்டுக்கல் பல் டாக்டர் சுக்கூரின் வழக்கம். பிடித்துப் பிடித்து, கதிர் பட்டே ஆள்காட்டி விரல் வெந்து கறுத்தது. ஐம்பத்தெட்டாம் வருஷம் மதுரையில் அதை வெட்டி எடுத்தார்கள்.

திரும்பி வந்தவர், "இனிமே நீ பிடிம்மா" என்றார் நர்ஸ் நஜ்முன்னிசாவிடம்.

"மாட்டேன் டாக்டர். உங்க ஒரு விரலோட நிக்கட்டும்."

பாட்டில் தக்கையைக் கீறி, அதில் பிலிமைச் செருகி, பல்வலியோடு வந்திருந்த தொப்பம்பட்டி நல்லுசாமியைக் கடித்துக்கொள்ளச் சொன்னாள். டாக்டரையும் கூட்டிக்கொண்டு சுவருக்குப் பின்னால் போய் சுவிட்சை அழுத்தினாள்.

கழுவிய பிலிமில் கடைவாய்ப் பல்லோடு ஒரு விரலெலும்பும் விழுந்திருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிக் கோணிய நுனி. டாக்டர் பிலிமை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னோடதுதான். விடு, நானே வந்து பிடிச்சுக்கிறேன்."

"யாரும் பிடிக்க வேணாம்."

வேறு பிலிமைச் செருகிவிட்டு நல்லுசாமியின் வாயைப் பார்த்து அதட்டினாள். "வெந்தது போதாதா? நீயும் வெளிய வா."

நல்லுசாமி எழுந்தார்.

"உங்கள இல்லண்ணே, உக்காருங்க."

இந்த முறை பிலிமில் பல் மட்டும்தான் இருந்தது. டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். நஜ்முன்னிசாவின் சுண்டுவிரலைக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இன்னமும் கோணலாகப் பற்றிக்கொண்டிருந்தது. அவள் உதறவில்லை.