அப்பளம் நொறுங்கும் சத்தம்

வெடிவிபத்தில் செவிப்பறை கிழிந்த பொன்னுத்தங்கத்துக்கு மண்டையெலும்பில் திருகு பதித்து, காது கேட்கிற மெஷினை மாட்டிவிட்டார்கள். மறுபடி தாயில்பட்டியில் அதே பட்டாசுக் கம்பெனிதான். வேறு பிழைப்பு ஏது?

மெல்லுகிற சத்தம் மண்டையில் இடிக்கிறதென்று, மத்தியானம் மெஷினைக் கழற்றிவிட்டுத்தான் மோர்ச்சோறு சாப்பிடுவாள். அப்போதும் காதுக்குள்ளே அப்பளம் நொறுங்கும்.

"கழட்டிட்டா ஒண்ணும் கேக்காதும்மா" என்றார் டாக்டர்.

"நான் அப்பளமே திங்கிறதில்ல சார். பக்கத்துல உக்காந்து இசக்கியம்மாதான் திம்பா. அவ அந்த விபத்துல போய்ட்டா."

போகப்போக அந்தச் சத்தமே துணையாகிவிட்டது.

இன்று அது பாதியில் நின்றது. விபத்து நடந்த அன்றைக்கும் இசக்கி அப்படித்தான் பாதியில் நிறுத்தி, கருகுகிற வாடைக்கு மூக்கைத் தூக்கினாள்.

பொன்னுத்தங்கம் தூக்குச்சட்டியை மூடினாள்.

"எந்திரிங்க, எல்லாரும் வெளிய போயிருவோம்" என்றாள்.

ஷெட்டுக்குள் யாரும் மெல்லுவதை நிறுத்தவில்லை.